உனக்கென்று விட்டுவைத்த காலி இடம்

மகனே என்று தொடங்குவதா, மகளே என்று தொடங்குவதா என்பதிலேயே குழம்பிப்போய் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பதினேழு வயதுதான் ஆகிறது. ஆனாலும் நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வேலையும், என்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிற வயதில் இதை வாசிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். பக்கத்து ஊர்ச் செல்வி அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி கோட்டி, மாப்பிள்ள எந்த ஊர்க்காரன்னே தெரியாது, அதுக்குள்ள பிள்ளைக்குக் கடுதாசியா? அப்படியே பேரனுக்கும் ஒண்ணு எழுதி வச்சிரு, பின்னால சோலி மிச்சம்" என்றாள். அவள் சிரிப்பதும் சரிதான். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்றை முடிவு செய்யப் போகிறோம். முடிவு செய்துவிட்டால் இருபது முப்பது வருடங்களுக்கு அதை மாற்ற முடியாது. அவ்வளவு காலம் கழித்து அதைத் திறந்து பார்க்கிறவர் யார் என்று யோசித்தபோது நீதான் நினைவுக்கு வந்தாய். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அமெச்சூர் வானொலி என்று ஒன்று இருக்கிறது. உன் காலத்திலும் இருக்கும் என்று நம்புகிறேன். பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள் வயர்லெஸ் கருவி வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். அதில் சம்பளம் கிடையாது, வியாபாரம் கூடாது, அடுத்தவருக்குப் புரியாதபடி பூட்டிப் பேசவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுத்த அழைப்புக் குறி உண்டு. அதுதான் காற்றில் அவர்களுடைய பெயர். நான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே பேச வேண்டும். இப்போது குரலை எண்களாக்கி அனுப்புகிறார்கள். குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பூஜ்ஜியமும் ஒன்றுமாக அடுக்கி அனுப்பினால், அந்தப் பக்கத்துக் கருவி அதை மறுபடி குரலாக்கிவிடும். எந்த இடத்தில் பெயர் வரும், எந்த இடத்தில் குரல் வரும் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். அந்த ஒப்பந்தத்தைத்தான் புரோட்டோகால் என்கிறோம். கம்பெனிகள் தங்களுடையதைப் பூட்டி வைத்திருக்கும். எங்களுடையது திறந்தது. யாரும் படிக்கலாம், யாரும் குறை சொல்லலாம், யாரும் கருவி செய்யலாம். பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கிற ஒரு சின்னக் கூட்டம் இணையத்தில் சேர்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. தென்காசியில் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரிந்திருக்கும், சத்தம் வராது. அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கூட இருக்க ஆள் வேண்டும் என்று சில நாள் போகாமல் இருந்தேன். அந்தச் சில நாள் அப்படியே நீண்டுவிட்டது. போகாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அது சரியா தவறா என்று இன்றுவரை தெரியவில்லை. நீ என்னைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொன்னால் என்ன பதில் சொல்வேன் என்றும் தெரியவில்லை. போ என்றுதான் சொல்வேன். எந்த முகத்தோடு சொல்வேன் என்பதுதான் குழப்பம்.

அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேற்பார்வை. சாரல் விழத் தொடங்கிச் சீசன் வந்துவிட்டால் தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு லாட்ஜின் பின்கட்டு அறைக்கே வந்துவிடுவோம். பழைய பில் போடும் கம்ப்யூட்டரை அங்கே தூக்கிப் போட இருந்தார்கள், அம்மா கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அதில் வானொலி அலையைப் பிடிக்கிற, விரல் நீளத்துக்கு இருக்கும் ஒரு டாங்கிளைச் செருகி, ஜன்னல் திரை தொங்குகிற அலுமினியக் குழாய்கள் இரண்டை ஆன்டெனாவாக மாடியில் கட்டி, வானொலி கேட்கத் தொடங்கினேன். கேட்க மட்டும்தான் முடியும். எனக்கு உரிமம் இல்லை. பேச முடியாது என்பது எனக்குக் குறையாகவே தோன்றவில்லை, நிம்மதியாகக்கூட இருந்தது. இணையத்தில் அந்தக் கூட்டம் எழுதிக்கொண்டிருந்ததைப் படித்தேன். ஒரு இடத்தில் கணக்கு தவறாக இருந்தது, எழுதிப் போட்டேன். திருத்திவிட்டு நன்றி சொன்னார்கள். யாரும் மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, ஒருநாள் பெயர் வருகிற பகுதியை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். பேசுகிறவர் யார் என்று சொல்லுகிற பகுதி, தன் பெயரைச் சொல்லவே வாய் வராத என் கைக்கு வந்து சேர்ந்தது.

நான் செய்த ஏற்பாடு இதுதான். பேசுகிறவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் அவருடைய அழைப்புக் குறி போகும். அதன் பிறகு குரல் போகும். கேட்கிற கருவி அந்தக் குறியை வாங்கினால்தான் குரலை ஒலிக்க வேண்டும், பெயர் தெரியாத குரலை உள்ளே விடக்கூடாது. இந்த விதியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று உனக்குச் சொன்னால்தான் புரியும். சீசனில் லாட்ஜில் குடித்துவிட்டு வருகிறவர்கள் அறை தெரியாமல் எங்கள் கதவையும் வந்து தட்டுவார்கள். "யாருன்னு பேரச் சொல்லாம கதவத் தொறக்காதட்டி, நானே வந்தாலும் பேரக் கேட்டுட்டுத் தொற" என்பது அம்மா எனக்குப் போட்ட சட்டம். அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் அப்படியே வானொலிக்கும் எழுதினேன். கூட்டத்தில் ஒருவர் வேறு யோசனை சொன்னார். நடுவில் வந்து சேருகிறவருக்கும் தெரியும்படி, பெயரைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு குரல் துண்டோடும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பலாமே என்றார். அப்படிச் செய்தால் குரலுக்கு உள்ள இடம் குறையும், குரல் மெலிந்துவிடும் என்று எழுதி அதைத் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு குரல் துண்டின் ஓரத்திலும் சில பிட்டுகள் காலியாகத்தான் இருந்தன. பிட் என்றால் பூஜ்ஜியமோ ஒன்றோ மட்டும் உட்காரக்கூடிய மிகச் சிறிய இடம். அந்தக் காலி இடங்கள் வருங்காலத்துக்கு, தொடக்கூடாது என்றும் நான்தான் எழுதி வைத்தேன். பின்னால் வருகிறவருக்கு எது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது அல்லவா. உண்மையைச் சொன்னால், அந்த வரியை எழுதியபோதுதான் முதன்முதலாக உன்னை நினைத்தேன்.

இனி செல்வி அக்கா. ஆய்க்குடிக்காரி, சக்கர நாற்காலியில் இருப்பவள், உரிமம் வைத்திருப்பவள், ஓயாமல் பேசுகிறவள். நான் எழுதுவதை அவள்தான் காற்றில் பேசிச் சோதித்துப் பார்ப்பாள். ஒருநாள் பண்பொழித் திருமலை மேலிருந்து அவள் பேச வேண்டும், குற்றாலத்து மாடியிலிருந்து நான் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. அவளுடைய தம்பி முருகன் தன் ஆட்டோவில் மலைமேல் கொண்டுபோய், வண்டி நிறுத்துகிற இடத்தின் ஓரத்தில் நாற்காலியை இறக்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அணை கொடுத்துவிட்டு, "சாரல் வருதுக்கா, கீழ போயி மழைக்கோட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்திருதேன்" என்று இறங்கிப் போய்விட்டான். அவளுடைய பையும் போனும் ஆட்டோவோடு போய்விட்டன. அவள் கருவியை மடியில் வைத்து, நீளமாகப் பேசினால் கை வலிக்குமே என்று பொத்தானின் மேல் தலைமுடி மாட்டுகிற ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டுப் பேசத் தொடங்கிவிட்டாள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பெயர் ஒருமுறைதான் போகும். அந்த ஒருமுறை நான் கேட்கவில்லை. ஏனென்றால் அப்போது என் ஆன்டெனாவின் மேல், கொடியிலிருந்து பறந்துவந்த லாட்ஜின் ஈரப் படுக்கை விரிப்பு ஒன்று போர்த்திக் கிடந்தது.

நான் கம்ப்யூட்டரின் முன்னால் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா துணி எடுக்க மேலே வந்து, "இந்தச் சாரல்ல எவ துணியக் காயப்போட்டா" என்று திட்டியபடி அந்த விரிப்பை உருவினாள். உடனே திரையில் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. குரல் துண்டுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் "தெரியவில்லை" என்று இருந்தது. சத்தம் இல்லை. விதி சரியாக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"என்னட்டி, லைட்டு மினுங்குது, சத்தத்தக் காணும்?" என்றாள் அம்மா.

"பேர் வரலம்மா. பேர் தெரியாம தொறக்காது."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"நாந்தான்."

"நல்லாருக்கு. நீ போட்ட சட்டத்துக்கு நீயே பயந்து உக்காந்திருக்கியாக்கும். செல்வியாத்தான இருக்கும்? தொறந்து பாரேன்."

செல்வியாகத்தான் இருக்கும். ஆனால் இல்லாமலும் இருக்கலாம். அது தெரியாமல் எப்படித் திறப்பது என்று எனக்குக் குழப்பம். பிறகு நிரலில் விதி இருந்த அந்த ஒரு வரியை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். குரல் நடுவிலிருந்து வந்து விழுந்தது.

"…பழம் போனாப் போவுது, சவம், அந்தக் கல்லையும்லா தட்டிவிட்டுட்டுப் போயிட்டு கொரங்கு! ஏட்டி, கேக்குதா? பிரேக்கு நிக்கல. தரை எண்ணெய் மாதிரி வழுக்குது. ரெண்டு கையும் வீல்ல இருக்கு, விட்டேன்னா கீழ இருக்க வளைவுக்குத்தான் போவேன். முருகனுக்கு ஒரு போனப் போடு மக்கா. கேக்குதா? கேக்கலன்னா கேக்கலன்னாவது சொல்லு!"

கேட்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? என்னிடம் பேசுகிற கருவி இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அம்மா, "பேசுட்டி, முருகனுக்குப் பேசு" என்று தன் போனை என் கையில் திணித்தாள். சீசன் கூட்டத்தில் குற்றாலத்தில் லைன் கிடைப்பதே அபூர்வம். மூன்றாவது முறையாகப் போட்டபோது மணி அடித்தது. முருகன் எடுத்தான். "அலோ, யாரு?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "நான்… நான்…" என்றேன். "நான்னா யாரு? பேரச் சொல்லாம விளாடுதியளா, சோலியப் பாருங்க" என்று வைத்துவிட்டான். அவனிடம் இருந்தது என்னுடைய விதிதான். பெயர் வராததால் கதவு திறக்கவில்லை.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை அவன் யாரு என்று கேட்பதற்கு முன்பே, "சேர் வழுக்குது, கல்லு போயிட்டு, அக்கா கையால புடிச்சிட்டு இருக்கா, மேல ஓடு" என்று கத்திவிட்டேன். அது என் குரல்தான் என்று நம்பவே எனக்கு நேரமாயிற்று. அந்தப் பக்கம் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு நானும் அம்மாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செல்வி அக்கா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் முருகக் கடவுளைத் திட்டினாள், குரங்கைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், நடுவில் அழுதாள், அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. கடைசியில் ஆட்டோ சத்தமும், "எக்கா, கைய எடுக்கலாம், நான் புடிச்சிட்டேன்" என்ற முருகன் குரலும் வந்தன. அம்மா துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஆய்க்குடிக்குப் போனேன். செல்வி அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது. "எவ்வளவு நேரம் கேட்டுட்டு இருந்த?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். விளக்கு மினுங்கியும் பெயர் இல்லை என்று நான் சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் மருந்து போட்ட கையை ஊதிக்கொண்டாள். பிறகு, "நல்ல சட்டம்ட்டி. நான் உருண்டு கீழ போயிருந்தா, பேர் தெரியாத பொணம்னு வாசல்லயே நிறுத்தியிருப்ப" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப சட்டத்த எடுத்திரட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்தா எவன் வேணும்னாலும் பேரில்லாம வந்து ஏசிட்டுப் போவானே. அதுக்கா நான் பரீட்ச எழுதி லைசென்சு வாங்கினேன்? எனக்கு ரெண்டும் வேணும். பேரும் வேணும், கதவும் தொறக்கணும்" என்றாள்.

இரண்டும் வேண்டுமென்றால் நான் தள்ளிவிட்ட அந்த யோசனைதான் வழி. பெயரைத் துண்டாக்கி ஒவ்வொரு குரல் துண்டோடும் அனுப்ப வேண்டும். குரலிலிருந்து இடம் எடுத்தால் குரல் மெலியும். அப்படியானால் மிச்சம் இருப்பது அந்தக் காலி இடம்தான், உனக்கென்று நான் விட்டு வைத்தது. இதில்தான் பல நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். இன்று மலைமேல் கத்திக்கொண்டிருப்பவளுக்குக் கொடுப்பதா, இருபது வருடம் கழித்து எதற்கென்றே தெரியாமல் தேவைப்படப் போகிறவருக்குக் காப்பதா? அம்மாவிடம் கேட்டால், "சீசன் நாள்ல ரூம காலியா வச்சிக்கிட்டு, வாசல்ல நிக்கவங்கள மழையில நனைய விடுவாங்களா?" என்பாள். அடுத்த நிமிடமே, "ஆனா ஒரு ரூமாவது கையில வச்சிருக்கணும், திடீர்னு யாரு வருவான்னு சொல்ல முடியாது" என்பாள். அவளுக்கும் குழப்பம்தான், ஆனால் தைரியமாகக் குழம்புகிறாள்.

எழுதிப் போட்டேன். காலி இடத்தை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, கூட்டத்தில், இதை எழுத்தில் பேசி முடிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இணையத்தில் குரலில் பேசும்போது வந்து விளக்கு என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை முதலில் அதற்கு முன்புதான் எழுதத் தொடங்கினேன். பயத்தில் நடுவில் நிறுத்திவிட்டேன். இதோ இந்த வரியை எழுதுவது திங்கட்கிழமை. சாரல் விட்டிருக்கிறது, மாடியில் விரிப்புகள் காய்கின்றன.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் முறை வந்ததும், யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். செல்வி அக்காவும் இருந்தாள். "சொல்லுட்டி மூதி" என்று அவளுடைய மைக்கில் கேட்டது. பெயரைச் சொல்ல வரவில்லை. ஆனால் முருகனிடம் கத்தியதுபோல நடுவிலிருந்து தொடங்க முடிந்தது. ஒருத்தி மலைமேல் இருந்தாள், அவளுடைய குரல் வந்தது, பெயர் வரவில்லை, என் விதி கதவைச் சாத்தியது என்று எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பேசப் பேச, இடையிடையே, நான் குற்றாலத்தில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன், பதினேழு வயது, என் பெயர் இது என்று ஒவ்வொன்றாகத் தானாக வந்து விழுந்தது. நான் முடித்ததும் நாகர்கோவில்காரர் ஒருவர் தமிழில், "எம்மா, இவ்வளவு நாளும் உன்ன ரிட்டயர்டு ஆளுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தோம். ஐயான்னு வேற எழுதித் தொலச்சேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முடிவு இதுதான். பெயர் இனி துண்டு துண்டாக, குரலோடு சேர்ந்தே போகும். யார் நடுவில் வந்து சேர்ந்தாலும் குரல் உடனே ஒலிக்கும். பெயர் முழுதாகச் சேருகிற வரைக்கும் திரையில் "தெரியவில்லை" என்று போடாமல், "பெயர் வந்துகொண்டிருக்கிறது" என்று போட வேண்டும். அந்தச் சொற்களை நான்தான் எழுதினேன். இவ்வளவு நேரமாக இந்தக் கடிதத்தில் நான் யார் என்பதை அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வருவதையும் கவனித்திருப்பாய். எந்தப் பக்கத்தில் இதைத் திறந்தாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

இதிலிருந்து உனக்கு என்ன புத்தி சொல்வது என்று தெரியவில்லை. பெயர் சொல்லாதவருக்குக் கதவைத் திற என்று சொல்ல மாட்டேன். சீசன் நேரத்தில் எங்கள் கதவைத் தட்டுகிறவர்களை நீ பார்த்ததில்லை. திறக்காதே என்றும் இனி என்னால் சொல்ல முடியாது. தட்டுகிற சத்தத்தை மட்டுமாவது கேள், உன் சட்டம் சரியாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. என்றைக்காவது உனக்கும் தொண்டை அடைத்தால் பெயரில் தொடங்க வேண்டியதில்லை, எது அவசரமோ அதில் தொடங்கு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதுவும் பாதிதான் தெரியும்.

உன் காலி இடத்தை எடுத்துக்கொண்டோம். அதற்காக வருத்தப்படுவதா வேண்டாமா என்று இன்னும் குழம்புகிறேன். எல்லாவற்றையும் எடுக்கவில்லை. பெயர்த் துண்டுகளை அடுக்கியபின் ஒவ்வொரு குரல் துண்டிலும் ஒரே ஒரு பிட் மிஞ்சியது. அதையும் பிழை திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அவர்கள் ஒப்புக்கொண்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இன்று முதல், இந்த முறையில் உலகத்தில் யார் பேசினாலும், அவர்கள் பேச்சின் ஒவ்வொரு துண்டிலும் அந்த இடத்தில் ஒரு பூஜ்ஜியம் போய்க்கொண்டிருக்கும். நீ வந்து, வளர்ந்து, அது எதற்கு என்று உனக்குத் தெரிந்தபின் அதை ஒன்று ஆக்கு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் பெயர் வந்துகொண்டிருக்கிறது.

அம்மா